உரையாசிரியர் காணாத யானை



கி.பி. 6 ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சீனத்தில் லியாங் அரசமரபு ஆட்சி செய்துகொண்டிருந்த காலம். முதுபெரும் அறிஞரும் வரலாற்றாசிரியருமான ஷென் யூவேயின் அவையில் ஒருநாள் ஒரு பழஞ்சொல்லைப் பற்றிய பேச்சு எழுந்தது. அரசர்களின் முன்னோர் கோயிலில் மது வைக்கப் பயன்பட்ட 'பலிக்காளைக் கலம்' என்பது எப்படி இருந்திருக்கும் என்பதே கேள்வி. ஷென் யூவே, தமக்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட மாபெரும் உரையாசிரியர் ஜெங் சுவானின் விளக்கத்தை எடுத்துச் சொன்னார். அசைந்தாடும் பீனிக்ஸ் பறவையின் வால் அதன்மேல் தீட்டப்பட்டிருக்கும் என்பது அவ்விளக்கம். அப்படி ஒரு கலம் இப்போது எங்கும் காணப்படவில்லையே என்றும் அவர் வியந்தார்.

அங்கிருந்த இளைஞர் லியூ யாவ் அதை மறுத்தார். பீனிக்ஸும் இல்லை, வாலும் இல்லை; அக்கலங்கள் விலங்கின் வடிவிலேயே செய்யப்பட்டன, முதுகில் துளையிட்டு மதுவை ஊற்றினார்கள் என்றார். முதியவருக்கு எதிரே உட்கார்ந்து, எல்லோரும் போற்றும் உரையை மறுப்பது எளிய செயல் அன்று. லியூ யாவ் எதை நம்பிப் பேசினார்? அவர் காட்டிய சான்று ஒரு நூல் அன்று. அது என்ன என்பதை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம். அதற்கு முன், அவர்கள் பேசிய கலங்களைப் பற்றியும், அவற்றுக்கு வடிவம் தந்த விலங்குகளைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மது சுமந்த விலங்குகள்

சீன நாகரிகத்தின் வெண்கலக் காலம் என்று சொல்லப்படும் ஷாங் (ஏறத்தாழ கி.மு. 1600–1046), ஜோவ் (கி.மு. 1046–256) மரபுகளின் காலத்தில், இறந்த முன்னோர்க்கு உணவும் மதுவும் படைப்பது அரச கடமைகளுள் தலையாயது. முன்னோர் மகிழ்ந்தால் மழை, விளைச்சல், போரில் வெற்றி. சினந்தால் நோய், தோல்வி. ஆகவே படையலுக்கான கலங்களைச் செய்வதில் அரசின் செம்பும் ஈயமும் பெருமளவு செலவாயின. தானியத்திலிருந்து வடித்த மதுவும், கரிய தினைவகையோடு நறுமணப் பூண்டுகள் சேர்த்த மதுவும் அக்கலங்களில் வைக்கப்பட்டன.

இம்மதுக் கலங்களுள் ஒரு வகைக்குச் 'சுன்' என்று பெயர். பெரும்பாலானவை அகன்ற வாயுடைய குடங்கள். ஆனால் ஒரு சிறு தொகுதி மட்டும் முழு விலங்கின் வடிவில் அமைந்தது. நான்கு கால்களே தாங்கிகள். உள்ளீடற்ற வயிறே கொள்கலம். முதுகில் வாயும் மூடியும். சிலவற்றில் விலங்கின் வாயோ துதிக்கையோ கெண்டியின் மூக்குப்போல மதுவை வெளியே வார்க்கும்.

இவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம். 1975 இல் ஹுனான் மாநிலத்தின் லிலிங் பகுதியில் கிடைத்த யானைக் கலம் 22.8 செ.மீ. உயரமே உடையது. உயர்த்திய துதிக்கை துளையுடையது. மது அதன் வழியே வழியும். மூடி கிடைக்கவில்லை. இதே பாணியில் அமைந்த மற்றொரு யானை அமெரிக்காவின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் மூடியின்மேல் ஒரு குட்டி யானை நிற்கிறது. மூடியைத் திறக்கக் குட்டியைப் பிடித்துத் தூக்கவேண்டும். பாரிஸ் நகரின் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கும் யானையோ சுமார் 64 செ.மீ. உயரமும் 96 செ.மீ. நீளமும் கொண்டது. 1981 இல் ஹுனானின் சியாங்டான் பகுதியில் கிடைத்த காட்டுப்பன்றிக் கலம் 72 செ.மீ. நீளமுள்ளது. கயிறோ கழியோ கோத்துத் தூக்குவதற்காக உடலின் முன்னும் பின்னும் குறுக்கே குழாய்கள் அமைத்திருக்கிறார்கள். மது நிறைந்த பன்றியை ஒருவர் கையால் தூக்கிவிட முடியாதல்லவா!

1976 இல் அன்யாங் நகருக்கருகே அரசி ஃபூ ஹாவின் கல்லறை திறக்கப்பட்டது. ஷாங் மன்னர் வூ டிங்கின் மனைவியரில் ஒருவரான இவர் படை நடத்திச் சென்றதைப் பழங்கால எலும்புப் பொறிப்புகள் கூறுகின்றன. கொள்ளையர் கை படாத அக்கல்லறையில் 468 வெண்கலப் பொருட்கள் கிடைத்தன. அவற்றுள் ஆந்தை வடிவக் கலங்கள் இரண்டு. இரண்டு கால்களும் தரையில் ஊன்றிய வாலுமாக முக்காலிபோல் நிற்கும் அவ்வாந்தைகள் ஒவ்வொன்றும் சுமார் 46 செ.மீ. உயரம். ஒன்று பெய்ஜிங்கிலும் மற்றொன்று ஹெனான் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இக்கலங்களை வார்த்த முறையையும் சொல்லிவிடவேண்டும். நமக்குப் பழக்கமான மெழுகு வார்ப்பு அன்று இது. முதலில் களிமண்ணால் விலங்கைச் செய்து, அதன்மேல் ஈர மண்ணை அப்பி, அந்த மேல்மண்ணைத் துண்டு துண்டாக அறுத்தெடுப்பார்கள். அத்துண்டுகளே அச்சு. பிறகு உள்ளே ஒரு மண் கருவை வைத்து, அச்சுத் துண்டுகளைச் சுற்றிலும் பொருத்தி, இடைவெளியில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். வளைந்த துதிக்கையும் காதும் உடைய ஒரு யானையைத் துண்டச்சில் வார்ப்பது எத்துணைக் கடினம் என்பதை வாசகர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

அலங்காரம் அணியாத காண்டாமிருகம்

மேற்சொன்னவற்றின் உடல் முழுதும் சுருள்களும் நாகங்களும் அசுர முகங்களும் நெருக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. விலங்கு இருக்கிறது, ஆனால் ஒரு கனத்த ஆடையை உடுத்தி நிற்கிறது. இவற்றுக்கு இடையே ஒரே ஒரு கலம் நம்மை நிறுத்திவிடுகிறது.

19 ஆம் நூற்றாண்டில் ஷாண்டோங் மாநிலத்தின் லியாங்ஷான் பகுதியில் கிடைத்த ஏழு வெண்கலங்களுள் ஒன்று அது. ஒலிம்பிக் குழுவின் தலைவராக 1952 முதல் 1972 வரை இருந்த ஏவரி பிரண்டேஜின் சேகரிப்பின் வழியாக இன்று சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் 23 செ.மீ. உயரமுள்ள ஒரு காண்டாமிருகம். உடலில் ஒரு கோடுகூட அலங்காரம் இல்லை. தடித்த கழுத்து மடிப்பு, தொங்கும் வயிறு, கட்டைக் கால்கள், இரண்டு கொம்புகள். செய்தவன் அந்த விலங்கை நேரில் கண்டவன் என்பதை எந்த அறிஞரும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. இரட்டைக் கொம்பு இருப்பதால் இது சுமத்திராக் காண்டாமிருகம் எனப்படும் இனம் என்று கருதுகின்றனர்.

கலத்தின் உட்புறத்தில் 27 எழுத்துகள் கொண்ட ஒரு பொறிப்பு உண்டு. கிழக்கே ரென்ஃபாங் என்ற மக்கள்மீது மன்னர் படையெடுத்துச் சென்று வந்த காலத்தில், யூ என்ற அதிகாரிக்குச் சோழிகளைப் பரிசளித்தார் என்பது அதன் செய்தி. சோழி அக்காலத்தில் பெருஞ்செல்வம். மன்னர் ஷாங் மரபின் கடைசி மன்னர்களுள் ஒருவர். ஆக, கி.மு. 11 ஆம் நூற்றாண்டின் ஒரு போர், ஒரு பரிசு, ஒரு காண்டாமிருகம் மூன்றும் ஒரே கலத்துள் இருக்கின்றன. காண்டாமிருகத்தைப் பற்றிப் பொறிப்பு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவை அன்று இருந்திருக்காது. அது எல்லோரும் அறிந்த விலங்கு.

யானை வாழ்ந்த வடநாடு

வட சீனத்தில் யானையா என்று கேட்கத் தோன்றும். குளிர்காலத்தில் ஆறு உறையும் நிலம் அது. ஆனால் சான்றுகள் பல. அன்யாங்கில் 1935 இல் நடந்த அகழாய்வில் யானை புதைக்கப்பட்ட குழியொன்று கண்டறியப்பட்டது. யானையுடன் ஒரு மனிதனின் எலும்புக்கூடும் இருந்தது. 1978 இல் மற்றொரு குழியில் ஓர் இளம் யானை கிடைத்தது. அதன் எலும்புகளுக்கிடையே ஒரு வெண்கல மணி கிடந்தது. மணி கட்டிய யானை காட்டிலிருந்து அன்றைக்குப் பிடித்து வந்த யானை ஆகாது. மனிதரோடு சில காலமேனும் பழகிய யானையே.

எழுத்தும் சான்று பகர்கிறது. 'செய்தல்' என்று பொருள்படும் சீன எழுத்தின் மிகப் பழைய வடிவம், ஒரு கை யானையின் துதிக்கையைப் பற்றி நடத்திச் செல்வதைக் காட்டும் சித்திரமாகும். யானையைக் கொண்டு வேலை வாங்கிய மக்களுக்கே அப்படி ஓர் எழுத்து தோன்றியிருக்க இயலும். இன்றும் ஹெனான் மாநிலத்தின் சுருக்கப் பெயராக வழங்கும் 'யூ' என்ற எழுத்தினுள் யானையைக் குறிக்கும் எழுத்து ஓர் உறுப்பாக நிற்கிறது. வாகன எண் பலகைகளில்கூட அதைக் காணலாம். தட்பவெப்ப வரலாற்றை ஆராய்ந்த ஜூ கெஜென், 1972 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஷாங் காலத்து வடநாடு இன்றைவிடச் சுமார் 2 பாகை வெப்பம் மிகுந்திருந்தது என்று கணித்தார்.

பிறகு என்ன நேர்ந்தது? குளிர் கூடியது ஒரு காரணம். கோடரி மற்றொரு காரணம். 2004 இல் வெளிவந்த 'யானைகளின் பின்வாங்கல்' என்ற பொருள்படும் நூலில் மார்க் எல்வின், காடழித்து உழவு பரவிய ஒவ்வோர் அடியிலும் யானை தெற்கே ஓரடி பின்வாங்கியதை விரிவாக எழுதுகிறார். இதை அக்காலத்தவர் இழப்பாக எண்ணவில்லை. மென்சியசின் நூலில், ஜோவ் கோமகன் புலிகளையும் சிறுத்தைகளையும் காண்டாமிருகங்களையும் யானைகளையும் தொலைவுக்கு விரட்டியடித்ததும், உலகம் மகிழ்ந்ததும் அவருடைய பெருமைகளாகவே பேசப்படுகின்றன.

ஜோவ் மரபினர் மதுவையும் ஐயத்தோடு நோக்கினர். ஷாங் மரபு குடியால் அழிந்தது என்பது அவர்கள் பரப்பிய கருத்து. குடிக்கு எதிரான அரச அறிவுரை ஒன்று அவர்களுடைய பழம்பெரும் ஆவணத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. காலப்போக்கில் மதுக் கலங்களின் வகைகள் குறைந்தன. உணவுக் கலங்கள் மிகுந்தன. விலங்கு வடிவங்கள் முற்றும் நின்றுவிடவில்லை. ஆனால் விலங்குகள் மாறின. 1955 இல் ஷான்ஷி மாநிலத்தின் மெய் வட்டாரத்தில் கிடைத்த கலம் ஒரு குதிரைக் குட்டி. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து அரசப் பணிக்குச் சேர்க்கும் சடங்கை மன்னரே நடத்தி, லி என்பவருக்கு இரண்டு குட்டிகளை வழங்கிய செய்தி அதன் மார்பில் பொறிக்கப்பட்டுள்ளது. அதே மாநிலத்தின் பாவ்ஜியில் கிடைத்த ஜோவ் கால யானைக் கலத்தைப் பாருங்கள்: உருண்டு பருத்த உடல். துதிக்கையை மறைத்துவிட்டால் பன்றி என்றே சொல்லத் தோன்றும். குதிரையைக் கண்டு செய்த கை, யானையைக் கேட்டுச் செய்ததோ என்று நாம் ஐயுறுகிறோம்.

கி.மு. 233 இல் மறைந்த ஹான் ஃபெய் என்ற சிந்தனையாளர் இம்மாற்றத்தின் முடிவை நமக்குக் காட்டுகிறார். உயிருள்ள யானையை மக்கள் காண்பது அரிதாகிவிட்டது. இறந்த யானையின் எலும்பைப் பெற்று, அதைக்கொண்டு உயிருள்ள யானையை மனத்தில் உருவாக்கிக்கொள்கிறார்கள். ஆகையால்தான் மனத்தால் உருவாக்கிக்கொள்வதை எல்லாம் 'சியாங்' என்கிறார்கள் என்று அவர் விளக்குகிறார். 'சியாங்' என்றால் சீன மொழியில் யானை. உருவம், தோற்றம் என்பதற்கும் அதே சொல்தான். சொற்பிறப்பு சரியோ பிழையோ, ஒரு நாட்டிலிருந்து ஒரு விலங்கு மறைந்த செய்தி இதைவிடச் சுருக்கமாகப் பதிவானதில்லை.

கடல் கடந்து வந்த காண்டாமிருகம்

காண்டாமிருகத்தின் கதையும் இதுவே. அதன் தோலால் செய்த கவசத்தைப் போர்க்கால அரசுகள் விரும்பின. அத்தேவையே அதன் அழிவை விரைவுபடுத்தியது.

1963 இல் ஷான்ஷி மாநிலத்தின் சிங்பிங் பகுதியில் ஒரு விவசாயி மண்ணை வெட்டியபோது மற்றொரு காண்டாமிருகக் கலம் வெளிப்பட்டது. 58.1 செ.மீ. நீளம், 34.1 செ.மீ. உயரம். கி.மு. 3–2 ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது எனக் கருதப்படும் இதன் உடல் முழுதும் பொன்னும் வெள்ளியும் இழைத்த மேகச் சுருள்கள். கண்கள் கருநிறக் கண்ணாடி. வாயருகே மது வழியும் குழாய். தசையும் எலும்பும் உயிருள்ள விலங்கினுடையவை போலவே இருக்கின்றன. யாரோ ஒருவர் இன்னமும் அதைக் கண்டிருக்கிறார். ஆனால் காட்டிலா, அரசரின் விலங்குப் பூங்காவிலா? 1975 இல், கி.மு. 155 இல் இறந்த பேரரசி போவின் கல்லறையை ஒட்டிய குழியில் காண்டாமிருகத்தின் எலும்புகள் கிடைத்தன. அரசியோடு புதைக்கத்தக்க அரும்பொருளாக அவ்விலங்கு அதற்குள் மாறிவிட்டது.

கி.பி. 2 இல் நிலைமை இன்னும் தெளிவாகிறது. சிறுவனாகிய பேரரசரின் பெயரால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த வாங் மாங், தம் பெருமையை நிலைநாட்ட, தெற்குக் கடலுக்கு அப்பாலுள்ள ஹுவாங்-ஜி என்ற நாட்டின் மன்னருக்குப் பரிசுகள் அனுப்பி, உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றைக் காணிக்கையாக வரவழைத்தார் என்று ஹான் மரபின் வரலாற்று நூல் கூறுகிறது. இந்த ஹுவாங்-ஜி நம் காஞ்சியே என்று பிரெஞ்சு அறிஞர் ஃபெராண்ட் முதலியோர் கருதினர். வேறு இடங்களைச் சொல்லி இதை மறுப்போரும் உள்ளனர். காஞ்சியோ வேறு துறைமுகமோ, நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரி தம் வீட்டு மதுக் கலத்துக்கு வடிவமாக்கிய விலங்கை, இப்போது கடல் கடந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து நகர மக்களுக்குக் காட்டவேண்டியதாயிற்று.

ஒலியைப் பிடித்த உரை

இனி ஷென் யூவேயின் அவைக்குத் திரும்புவோம்.

ஜோவ் காலச் சடங்குகளை விவரிக்கும் பழைய நூலொன்று ஆறு வகைச் சுன் கலங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் 'பலிக்காளைச் சுன்', 'யானைச் சுன்' என்பவை இரண்டு. ஹான் காலத்து உரையாசிரியர்கள் இப்பெயர்களுக்கு விளக்கம் எழுத அமர்ந்தபோது, பழைய கலங்கள் மண்ணுக்குள் இருந்தன. யானை தெற்கே போய்விட்டது. பெயர் மட்டுமே கையில் இருந்தது. யானைச் சுன் என்றால் பீனிக்ஸ் உருவம் பொறித்தது என்றனர் சிலர்; தந்தம் பதித்தது என்றனர் வேறு சிலர். காளையைக் குறிக்கும் சொல்லின் ஒலியை வேறோர் ஒலியோடு இணைத்து, அசைந்தாடும் இறகுகள் என்று பொருள்கொண்டார் ஜெங் சுவான் (127–200). கல்வியில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் இல்லை. பிழை கல்விக் குறைவால் வந்ததன்று. கண்ணால் காணாததைக் காதால் நிரப்பியதால் வந்தது.

முதலில் மறுத்தவர் வாங் சூ (195–256). காளைச் சுன் காளையைப் போன்றது, யானைச் சுன் யானையைப் போன்றது என்று அவர் நேர்படச் சொன்னார். அவருக்குத் துணையாக இருந்தது, அக்காலத்தில் லூ பகுதியில் பூமிக்கடியிலிருந்து கிடைத்த ஒரு கலம். பழைய சி நாட்டுப் பெருங்குடிமகன் ஒருவர் தம் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது அது. காளை வடிவில் இருந்தது.

லியூ யாவ் அவையில் எடுத்துக்காட்டியதும் இதனையே. அதனோடு மற்றொன்றையும் சேர்த்தார். கி.பி. 307–313 காலக் குழப்பத்தில் ஒரு கொள்ளைத் தலைவன், கி.மு. 490 இல் இறந்த சி நாட்டுக் கோமகன் ஜிங்கின் கல்லறையை உடைத்தான். அதிலிருந்து இரண்டு கலங்கள் வெளிவந்தன. அவையும் காளை வடிவின. ஆக, ஒரு மகளின் சீதனமும் ஒரு திருடனின் கொள்ளையுமே பேருரையாசிரியரைத் திருத்தின. ஷென் யூவே இளைஞரின் சொல்லை மனமார ஏற்றுக்கொண்டார் என்று வரலாறு கூறுகிறது. ஏற்றுக்கொண்ட அந்த முதியவரையும் நாம் பாராட்டவேண்டும்.

இதை நாம் பிறர் பிழையாக மட்டும் படிக்கவில்லை. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், சங்கப் பாடலில் வரும் 'ஆமான்' என்ற சொல்லை ஒருவகை மான் என்று வகுப்பில் தயக்கமின்றிச் சொல்லியிருக்கிறோம். அது காட்டுப்பசு, மான் அன்று. சொல்லின் ஈற்றொலி கையைப் பிடித்து இழுத்தது, போய்விட்டோம். மாணவர் எவரும் மறுக்கவில்லை. அவர்களும் அதைக் கண்டதில்லை. பின்னர் அகராதியைப் பார்த்து உண்மை தெரிந்தபோது அந்த மாணவர்கள் படிப்பை முடித்துச் சென்றிருந்தனர். எத்தனை விடைத்தாள்களில் அந்த மான் ஓடியதோ! ஜெங் சுவானின் பீனிக்ஸ் வாலைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வராததற்கு இதுவே காரணம்.

இன்று சீனத்தில் காட்டு யானைகள் தென்மேற்கே யுன்னான் மாநிலத்தில் மட்டும் சுமார் 300 எஞ்சியுள்ளன. காண்டாமிருகம் அந்நாட்டுக் காடுகளில் அறவே இல்லை. சுமத்திராக் காண்டாமிருகம் இந்தோனேசியாவில் மட்டும், 50 க்கும் குறைவாக உயிர்வாழ்கிறது. 2021 இல் யுன்னானின் யானைக் கூட்டமொன்று பல நூறு கிலோமீட்டர் வடக்கு நோக்கி நடந்து குன்மிங் நகரை நெருங்கியபோது உலகமே அதை வேடிக்கை பார்த்தது. அவை போகும் வழியெங்கும் வயல்களும் ஊர்களும் இருந்தன. சில மாதங்களில் அவை தெற்கே திரும்பிவிட்டன.

முன்னோர்க்கு மது படைக்கச் செய்த கலங்கள் அவை. படைத்தவர்களும் இல்லை, ஏற்கவேண்டிய முன்னோரை நினைப்பவரும் இல்லை. வயிறு வற்றிய அந்தக் காண்டாமிருகம் மட்டும், தான் ஒருகாலத்தில் அங்கே நின்றதற்குச் சாட்சியாக நிற்கிறது. நூல்களில் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதும்போதெல்லாம், அச்சொல்லுக்குரிய பொருள் எங்கேனும் மண்ணுக்குள் காத்திருக்கக்கூடும் என்ற அச்சம் உரைகாரனுக்கு இருப்பது நல்லது.